பன்னி ரூபாய்

...இந்தத் திருப்பத்தில் முடியாது, முன்னால் போகிற அக்கா புருஷன், மாமா, பத்து எட்டுக்கு ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார், மேலே மூங்கில் புதர் வரட்டும், அங்கே அக்கா குனிந்துதான் நுழைய வேண்டும், குனியும்போது இடுப்பில் செருகியிருக்கிற மஞ்சள் முடிப்பு கொஞ்சம் பிதுங்கும், பிதுங்கினால் என்ன செய்வாய் சென்றாயா, கழுகு மாதிரிக் கொத்திக்கொண்டு போவாயா, உருவி, முடிச்சை அவிழ்த்து, உள்ளே இருக்கிற காசை எடுத்துவிட்டு என் மடியில் இருக்கிற காசை வைத்து, திரும்பவும் முடிச்சுப் போட்டு, அவள் இடுப்பிலேயே செருகி... இத்தனையும் அவள் ஒரு தடவை குனிந்து நிமிர்வதற்குள். பைத்தியம். காசுப்பைத்தியம் என்று ஊரே என்னைச் சொல்கிறது, பைத்தியம் காசோடு நிற்கவில்லை போலிருக்கிறது. வீட்டைவிட்டுக் கிளம்பியதிலிருந்து மண்டைக்குள் இதே ஓட்டம், வெயில் இப்போது பலாமர உச்சிக்கு வந்துவிட்டது, பெரியசாமி கோயிலுக்கு இன்னும் ஒரு ஓடை, ஒரு ஏற்றம், அவ்வளவுதான் மிச்சம், அதற்குள் மாற்றியாக வேண்டும், மாற்றாவிட்டால் பூசாரி குழந்தைசாமி எல்லார் முன்னாலும் முடிப்பை அவிழ்ப்பார், காசில் இருக்கிற தலையைப் பார்ப்பார், அப்புறம் என் அக்கா அத்தாயியைப் பார்ப்பார்.

எங்கள் எடப்புளி நாட்டில் வேண்டுதல் என்றால் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடுகிற சமாச்சாரம் இல்லை, ஒரு வெள்ளி ரூபாயைப் பூசாரி கையில் கொடுக்க வேண்டும், அவர் அதை வெயிலில் திருப்பித் திருப்பித் தலை பார்ப்பார், ராணியா, மொட்டைத்தலை ராஜாவா, தாடி ராஜாவா, எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது, எல்லாவற்றையும் பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி சொல்வார், அப்புறம்தான் மஞ்சள் துணி, அப்புறம்தான் முடிச்சு, அந்த முடிப்பு வீட்டு விட்டத்தில் தொங்கும். வேண்டிக்கொண்டது நடந்தபிறகு அதே காசு திரும்பி வர வேண்டும். போன தலையே வரோணும் என்பார் குழந்தைசாமி. வேறு தலை வந்தால்? அடிக்க மாட்டார்கள், அபராதம் இல்லை, ஊரைவிட்டுத் தள்ளி வைக்கிறதும் இல்லை. கட்டினவள் வாக்கு மாற்றினவள், அவள் கையால் யாரும் விதை வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். அவ்வளவுதானா? எங்கள் ஊரில் பதினாலு வீடு, பதினாலு வீட்டுக்கும் தினை விதைக்கிற அன்றைக்கு முதல் கைப்பிடி என் அக்காதான் அள்ளிக் கொடுக்கிறாள், அத்தாயி கை பட்டால் கல்லும் முளைக்கும் என்று கிழவிகள் வந்து முறத்தை நீட்டுவார்கள், அவளும் சிரித்துக்கொண்டே அள்ளிப் போடுவாள், வருஷம் முழுக்க மாமியாரிடம் வாங்கின பேச்சையெல்லாம் அன்றைக்கு ஒருநாள் மறந்துவிடுவாள். அவளுக்கென்று ஊரில் இருக்கிறது அது ஒன்றுதான். அதை நான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் எடுத்து என் மடியில் கட்டிக்கொண்டேன்.

எடுத்தேன் என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு அப்படித் தோன்றியதா? ஒரு ரூபாய்க்கு ஒரு ரூபாய், எடுத்ததற்குப் பதில் வைத்துவிட்டேன், யாருக்கு என்ன நஷ்டம்... அதுவும் ராணி ரூபாய், சுத்த வெள்ளி, சுண்டினால் கணீரென்று மலை முழுக்கக் கேட்கிற ரூபாய். சரிதான் என்றே நினைத்தேன். நினைத்தேனா, அல்லது கை வேலையை முடித்தபிறகு நினைப்பு வந்து சேர்ந்துகொண்டதா?

"என்ன மாப்ளே, பொண்டாட்டியத் தொலச்சவனாட்டம் வர்றே? இன்னும் கட்டவே இல்லையே!" மாமா முன்னாலிருந்து கத்துகிறார். தோளில் சேவல், அதுவும் அவரும் சேர்ந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

"கால்ல முள்ளுங்க மாமா."

"முள்ளா? கீழ கீழ பாத்துக்கிட்டு வர்றதப் பாத்தா எவனாச்சும் காசு போட்டுட்டுப் போயிருப்பானான்னு தேடறாப்பல இருக்குது. இந்தக் காலத்துல யாரு சாமி காசு போடறாங்க? சோளக்காட்டுச் சந்தையில கடக்காரன்கிட்டச் சில்லறை கேட்டா ரெண்டு வெத்தலய நீட்டறான். இனிமே பெரியசாமிக்கும் வெத்தலயத்தான் முடிஞ்சு கட்டோணும்."

அக்கா சிரிக்கவில்லை. வழக்கமாக வெள்ளையன் மாமா என்ன சொன்னாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பவள். குழந்தை கண்ணாயியின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறாள், குழந்தை இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து வைக்கிறது, ஆனாலும் நடக்கிறது, நடக்கிறது, அதற்குத்தானே இந்த முடிப்பு, ஒன்றரை வயதாகியும் கால் ஊன்றவில்லை என்றுதானே அக்கா இந்த மலை ஏறி ரூபாயைக் கட்டினாள், நான் அன்றைக்கு ஊரில் இல்லை, மிளகு மூட்டையைச் சுமந்துகொண்டு புளியஞ்சோலைக்கு இறங்கியிருந்தேன். இருந்திருந்தால் கட்டுவதற்கு முன்னாலேயே அந்த ரூபாயைப் பார்த்திருப்பேன், அக்கா இது வேண்டாம், வேற தர்றேன் என்று கெஞ்சி வாங்கியிருப்பேன், எல்லாம் நேராக முடிந்திருக்கும். மிளகு மூட்டையின் மேல் பழியைப் போடுகிறேன், பார்.

அந்த ரூபாய். புளியஞ்சோலையில் மாட்டு வண்டிக்காரர் அர்த்தனாரி சொல்லித்தான் எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியும், துறையூர்ப் பக்கம் மூட்டை ஏற்றுகிறவர், உலகத்துச் சமாச்சாரமெல்லாம் அவர் வண்டியில்தான் வரும். தாடி ராஜாவுக்குப் பட்டம் கட்டின வருஷம் அடித்த ரூபாயில் அவர் போட்டிருக்கிற அங்கியில் ஒரு யானை, அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகப் போய்விட்டது, பார்க்கிறவர்களுக்குப் பன்னி மாதிரித் தெரிகிறது, கீழ்நாட்டில் ஜனங்கள் கையால் தொட மாட்டேன் என்று சொல்லி, சர்க்கார் பயந்துபோய் எல்லாவற்றையும் திரும்ப வாங்கி உருக்கிவிட்டார்கள், ஒன்றிரண்டுதான் எங்கேயோ தப்பிக் கிடக்கும் என்றார். "ஒங்க மலையில கெடந்தாலும் கெடக்கும் சாமி. நீங்க பன்னியப் பாத்தா சட்டியத்தானே தேடுவீங்க!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் அன்றைக்கு ஏறி வரும்போது வழி முழுக்க அந்தப் பன்னிதான் எனக்கு முன்னால் ஓடியது. என்னிடம் அப்போதே முப்பத்தியெட்டுக் காசு இருந்தது, ஒரு வகைக்கு ஒன்று, தம்பிடி, காலணா, வளைந்து வளைந்து ஓரம் வைத்த அணா, கும்பினிக் காலத்துச் செம்பு, கொண்டை போட்ட ராணி, கிரீடம் வைத்த ராணி... எனக்கு எழுத்துத் தெரியாது, காசில் இருக்கிற வருஷ நம்பர் மட்டும் தெரியும், அதையும் நானே ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். மற்றவர்களுக்குக் காசு என்றால் உப்பு, துணி, வரி. எனக்கு ஒவ்வொன்றும் எத்தனை மடியில் கிடந்து, எத்தனை கை மாறி, எத்தனை வியர்வை குடித்து இந்த மலைக்கு ஏறி வந்திருக்கிறது என்று... சரி, பெருமையடித்துக்கொண்டது போதும். அக்கா ஒருநாள் சாமை புடைத்துக்கொண்டே சொன்னாள், "நான் முடிஞ்சு போட்ட காசுல ராசா தோள்பட்டையில பன்னியாட்டம் என்னமோ இருந்துச்சு சாமி, பூசாரியே சிரிச்சுப்போட்டாரு." முறத்தில் இருந்த சாமை சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. எனக்கு அதற்கப்புறம் அவள் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

எத்தனை நாள் பொறுத்தேன்? இருபது? முப்பது? அக்கா வீட்டில்தான் நானும் இருக்கிறேன், அடுப்புக்கு மேலே விட்டத்தில் முடிப்புத் தொங்கும், சாப்பிட உட்கார்ந்தால் கண் அங்கேதான் போகும், புகையில் மஞ்சள் கறுத்துக்கொண்டே வந்தது. அறுப்புக்கு எல்லாரும் போயிருந்த ஒரு மத்தியானம், வீட்டில் நானும் ஒரு கோழியும். பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் அவிழ்த்தேன், சத்தியமாக. கையில் விழுந்தது. தாடி, கிரீடம், தோளுக்குக் கீழே அந்த மிருகம், குட்டை மூக்கும் குண்டு உடம்புமாக, யாரோ ஒரு வெள்ளைக்காரன் எங்கேயோ உட்கார்ந்து யானையைப் பார்க்காமலே செதுக்கினது, அத்தனை பெரிய ராஜாங்கம் இந்தச் சின்ன மூக்கிடம் தோற்றுப்போய்த் தலைகுனிந்திருக்கிறது, எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அப்புறம் என் ராணி ரூபாய் துணிக்குள் போனது. முடிச்சுப் போட்டேன். கோழி பார்த்துக்கொண்டே இருந்தது. அர்த்தனாரி பின்னால் ஒரு தடவை அந்த ஒரு ரூபாய்க்கு அஞ்சு ரூபாய் தருகிறேன் என்றார், கிடைக்கவே இல்லை என்று அவரிடமும் பொய் சொன்னேன். விற்கவில்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது, காசுக்காக எடுக்கவில்லை பார், ஆசைக்காக எடுத்தேன்... அது என்ன உசத்தி?

திருப்பி வைத்திருக்கலாம். மூன்று வருஷம். எத்தனை மத்தியானம். முதல் வருஷம் வைக்க மனசு வரவில்லை, இரண்டாம் வருஷம் பயம், ஏனென்றால் குழந்தைக்கு இரண்டரை ஆகியும் கால் ஊன்றவில்லை, அக்கா அதைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்துவாள், அது சரிந்து உட்கார்ந்துவிடும், ஒவ்வொரு தடவை சரியும்போதும் நான் விட்டத்தைப் பார்ப்பேன், நம்மால்தானோ, சாமி தாடி ராஜாவை எதிர்பார்த்துக்கொண்டிருக்க நாம் ராணியைக் கட்டி ஏமாற்றினதால்தானோ, இப்போது போய்த் தொட்டால் இருக்கிறதும் கெட்டுவிடுமோ... இந்த வருஷம் தை மாதம் கண்ணாயி தானாக எழுந்து நாலு எட்டு வைத்தாள். வீடே கூத்தாடியது. அன்றைக்கே அக்கா முடிப்பை விட்டத்திலிருந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள், படுக்கும்போதும் எடுக்கவில்லை. என் வழி அடைபட்டுப்போனது. அதோடு அந்த ராணி ரூபாயே இப்போது ரூபாய் இல்லை, போன வருஷம் பங்குனியோடு அது செல்லாது என்று சந்தையில் தமுக்கு அடித்துவிட்டார்கள், சண்டைக்காக வெள்ளியெல்லாம் சர்க்காருக்கு வேண்டுமாம், பதிலுக்குப் பாதி வெள்ளியில் ஒரு ரூபாய், அதைவிட்டால் காகிதத்தில் ஒரு ரூபாய், எங்கள் ஊரில் ஒருத்தி காகித ரூபாயைக் கூரையில் செருகி வைத்துக் கரையானுக்குக் கொடுத்தாள். இந்த வைகாசியோடு மொட்டைத்தலை ராஜாவும் போகிறாராம். ஆக, நான் வைத்தது வேறு தலை என்பதோடு நிற்காமல் செல்லாத தலையும் ஆகிவிட்டது. பூசாரி அவிழ்க்கும்போது உள்ளேயிருந்து செத்துப்போன ராணி எட்டிப் பார்ப்பாள்... மூங்கில் புதர் வந்து போய்விட்டது. அக்கா குனிந்தாள், நிமிர்ந்தாள், நான் ஒன்றும் செய்யவில்லை. குழந்தைதான் திரும்பி என்னைப் பார்த்து "மாமா, வா" என்றது.

ஓடைச் சத்தம் கேட்கிறது. கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே குளித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மாமா ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, சொட்டச் சொட்டச் சேவலையும் எடுத்துக்கொண்டு, "நான் முன்னால போயிப் பூசாரியப் புடிக்கறேன், நீங்க பொறவுக்கு வாங்க" என்று ஏறிவிட்டார். அக்கா குழந்தையோடு பாறைக்கு அந்தப் பக்கம் போகப்போகிறாள். முடிப்பை என்ன செய்வாள், ஈரத்தில் நனைக்கக் கூடாதே, பாறைமேல் வைப்பாளா, துணிக்குள் சுருட்டுவாளா, என் கண் அவள் இடுப்பிலேயே... அவள் முடிப்பை உருவினாள். நேராக என்னிடம் வந்து நீட்டினாள்.

"இந்தா சாமி, கையிலயே வெச்சிரு. கீழ வெச்சறாத."

"சரிக்கா."

"கொழந்தைக்குத் தலைக்கு ஊத்தோணும். நான் மெதுவாத்தான் வருவேன்."

போய்விட்டாள். தண்ணீர் மொள்கிற சத்தம், குழந்தை குளிரில் வீலென்று கத்துகிற சத்தம், "அட, அவ்ளோதான் கண்ணு, அவ்ளோதான்" என்று அக்காவின் குரல். விடிந்ததிலிருந்து எதைத் திருடலாம் என்று பார்த்தேனோ அது என் உள்ளங்கையில் கிடக்கிறது, அவள் உடம்புச் சூடு இன்னும் ஆறவில்லை. பெரியசாமி கண் திறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். சீக்கிரம், சீக்கிரம். மடியிலிருந்து பன்னி ரூபாயை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டேன், இரண்டு கையும் வேண்டுமே, வெள்ளிக்கு ஒரு புளிப்பு உண்டு, நாக்கு மரத்தது. முடிச்சில் நகத்தை வைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். முடிச்சின் வால் இடது பக்கம் விழுந்திருந்தது.

நான் போட்டால் வலது பக்கம் விழும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அன்றைக்கு அதற்காகவே எவ்வளவு பயந்தேன், அக்கா இடதுகைக்காரி, அவள் கட்டுகிற எந்த முடிச்சும், கன்றுக்குட்டிக் கயிறாகட்டும், குழந்தை அரைஞாணாகட்டும், வால் இடது பக்கம்தான், நான் இரண்டு மூன்று தடவை அவளை மாதிரிக் கட்டிப் பார்த்து வராமல், யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். இது நான் போட்ட முடிச்சு இல்லை. அவிழ்த்தேன். உள்ளே ராணி இல்லை. புது ரூபாய். இப்போதிருக்கிற மழமழ மூஞ்சி ராஜா, ஓரத்தில் கோடுகளுக்கு நடுவே சுற்றிவரப் பள்ளம் விட்ட அந்தப் புது ரூபாய், பாதி வெள்ளி, முந்தின வருஷ நம்பர். நான் வைக்கவில்லை. வால் இடது பக்கம். அப்படியானால்... அப்படியானால் அக்கா இதைத் திறந்திருக்கிறாள். திறந்தபோது உள்ளே தாடி ராஜாவுக்குப் பதில் ராணி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள்.

எப்போது? தமுக்கு அடித்த அந்தப் பங்குனியில்தான் இருக்க வேண்டும், ஊரில் எல்லாப் பெண்களும் பானையையும் முடிப்பையும் கவிழ்த்துப் போட்டுத் தலை பார்த்தார்களே, ராணியா, ராணியா என்று, தன்னுடையது ராணி இல்லை என்று தெரிந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அவிழ்த்திருப்பாள். செல்லாத காசைச் சாமிக்குக் கட்டிவைத்திருக்க முடியுமா, கைக்குக் கிடைத்த செல்லுகிற ரூபாயை வைத்து முடிந்திருப்பாள். ஐயோ, அந்தப் பங்குனி... ஒருநாள் அடுப்புச் சாம்பல் கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாளே. "ஒன்ர காசெல்லாம் காட்டு சாமி, நானும் பாக்கறேன்" என்றாளே. எனக்கு என்ன சந்தோஷம் அன்றைக்கு! எங்கள் வீட்டில் ஒருத்தருக்காவது இந்தக் கிறுக்குப் பிடித்ததே என்று மூங்கில் குழாயைக் கவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், இது கொண்டை, இது கிரீடம், இந்த ராஜாவுக்கு மொட்டைத்தலை, இவருக்குக் கிரீடமும் தாடியும், பேசினேன் பேசினேன் வாய் ஓயாமல் பேசினேன். அவள் கொண்டையைப் பார்க்கவில்லை, கிரீடத்தைப் பார்க்கவில்லை, தாடி ராஜாக்களை மட்டும் எடுத்தாள், நாலு இருந்தது, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பித் தோள்பட்டையில் கட்டைவிரலை வைத்து... அவள் தேடிக்கொண்டிருந்தாள். "வேற எங்காச்சும் வெச்சிருக்கியா சாமி?" என்றாள். "இல்லக்கா, அவ்ளோதான்" என்றேன். பன்னி ரூபாய் கூரை மூங்கிலுக்குள், அவள் தலைக்கு ஒரு முழம் மேலே. அவள் என்ன சொன்னாள் அப்போது? நினைவு வா, வா... "பத்தரமா வெச்சுக்கோ" என்றாள். எழுந்து போய் அடுப்பு மெழுகினாள். அவ்வளவுதான். அன்றைக்கும் எனக்குக் களி போட்டாள், மறுநாளும் போட்டாள், ஒரு வருஷமாகப் போடுகிறாள்.

வாயில் இருந்ததை எடுத்துத் துணியில் வைத்தேன். புது ரூபாயை மடியில் செருகினேன். அது பாதி வெள்ளி என்பது திடீரென்று என்னவோ செய்தது, பாதி வெள்ளி, குழந்தைக்குப் பாதி நடை... சீ, என்ன நினைப்பு இது, சாமி காசை உரசிப் பார்த்தா கால் கொடுக்கிறது? ஆனால் அக்கா? அந்த இடது கால் இழுக்கும்போதெல்லாம் அவள் இதே கணக்கைப் போட்டிருக்க மாட்டாளா? போட்டுக்கொண்டுதானே என்னைப் பார்த்திருப்பாள்? முடிச்சுப் போட்டேன், வால் வலது பக்கம் விழுந்தது. அவிழ்த்தேன். இடது கையால் முயன்றேன். வரவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது, குழந்தையின் பேச்சு மட்டும் கேட்கிறது, குளித்தாகிவிட்டதென்றால் ஏன் இன்னும் வரவில்லை, மெதுவாத்தான் வருவேன் என்றாளே, அதை ஏன் சொன்னாள், முடிப்பை ஏன் மாமாவிடம் கொடுத்து அனுப்பவில்லை, ஏன் என்னிடம்... வலது பக்க வாலோடு அப்படியே பிடித்துக்கொண்டேன். கீழே வைக்கவில்லை.

அவள் வந்தாள், ஈர முடியைத் தட்டிக்கொண்டே. கையை நீட்டினாள், வைத்தேன். கட்டைவிரல் முடிச்சின் மேல் ஒரு தடவை போய் வந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது, இடுப்பில் செருகிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"என்றா, மூஞ்சி செத்துக் கெடக்குது. பசிக்குதா?"

"இல்லக்கா."

"ஏறிப் பொங்கலு வெச்சாச் சாப்பாடு. நட."

நடந்தோம். ஏற்றம் செங்குத்தாக இருந்தது, குழந்தை நடுவில், வலது கால், இழுத்து இடது கால், வலது கால். தெரிந்துவிட்டதா அவளுக்கு? வால் வலது பக்கம் என்று விரல் சொல்லியிருக்குமே. அப்படியானால் நிம்மதியாக இருக்க வேண்டுமே, ஏன் தோள் இரண்டும் இறுகிக்கொண்டே போகிறது, ஏன் பாதி ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்றபோது அப்படிச் சொன்னாள்...

"சென்றாயா, பூசாரி தலையப் பாத்துட்டு எதாச்சும் கேட்டாருன்னா, நான்தான் செலவு பண்ணிப்போட்டு வேற வெச்சேன்னு சொல்லிக்கறேன். நீ நடுவுல வாயத் தொறக்காத. ஒங்க மாமன்கிட்டயும் ஒன்னும் சொல்லாத."

"அக்கா..."

"போன வருசமே முடிவு பண்ணிட்டேன். வெதையெல்லாம் ஆரு குடுத்தாலும் மொளைக்கும் சாமி. பக்கத்து வூட்டு இருசாயி குடுத்தா மொளைக்காதா?"

மேலே பறைச் சத்தம் ஆரம்பித்துவிட்டது, மாமா பூசாரியைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. இன்னும் அரை நாழிகை. அரை நாழிகை அவள் இந்தப் பயத்தைச் சுமந்துகொண்டு ஏறப்போகிறாள், அவள் இடுப்பிலேயே போன தலை பத்திரமாக இருக்கும்போது. உள்ள அதே காசுதான் இருக்குது அக்கா. ஐந்தே வார்த்தை. சொன்னால் அவள் தோள் இறங்கிவிடும், அந்தக் கிழவிகளின் முறங்களெல்லாம் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும், சொல்லாவிட்டாலும் கிடைக்கத்தான் போகிறது, பூசாரி அவிழ்த்ததும் பன்னியைப் பார்த்துச் சிரிப்பார், எல்லாம் சரியாகிவிடும், அப்போது அவள் ஒருத்தி மட்டும் திரும்பி என்னைப் பார்ப்பாள்... அதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். இப்போதே. அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, வாயைத் திறந்தால் போதும்.

"அக்கா."

"ம்."

"அந்த... கொழந்தைய நான் தூக்கிக்கட்டுமா?"

அவள் நின்றாள். திரும்பவில்லை. ஈர முடியிலிருந்து ஒரு சொட்டு முதுகில் இறங்கிச் சேலைக்குள் போனது.

"வேண்டாம். அவ நடந்துதான் வரோணும்னு வேண்டியிருக்குது" என்றாள்.

பறைச் சத்தம் நெருங்கிக்கொண்டே வருகிறது, நாங்கள் நெருங்கிக்கொண்டிருக்கிறோம், மரங்களுக்கு நடுவே ஆட்கள் தெரிகிறார்கள், யாரோ அத்தாயி வந்துட்டா என்கிறார்கள், எனக்குப் பூசாரியைக் கண்டால் இப்போது பயமில்லை, ஊரைக் கண்டாலும் பயமில்லை, முடிப்பை அவிழ்த்து எல்லாரும் சிரித்துப் பொங்கல் வைத்துச் சேவல் அறுத்துத் தின்று இறங்கி வீட்டுக்குப் போனபிறகு, நாளைக்கும், அதற்கு மறுநாளும், அக்கா எனக்குக் களியைப் போட்டுவிட்டு ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் போய் அடுப்பு மெழுகுவாளே... அதற்குத்தான் கால் பின்னுகிறது.